அறுபது ராடு

ஓமலூருக்கு அப்பால், தண்ணீர் மறந்த ஏரி
எங்கள் ஓடுதளம்.
விடியக் கால் மணி இருக்கிறது.
சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிடக் கூடாதென்று
டார்ச்சோடு குனிந்து நடக்கிறாள் ஜெசிந்தா,
ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள்,
விடுமுறையில் மட்டும்
புவியீர்ப்பை நம்பாதவள்.

மூன்று வண்டிகள்.
வண்டி என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்:
மூன்று சக்கரம், முதுகுக்குப் பின்னே எஞ்சின்,
தலைக்கு மேலே தைத்த துணி.
ஆட்டோவுக்கு றெக்கை முளைச்சிருக்கு என்றார் பால்காரர்.
இலியாஸ் மறுக்கவில்லை.
கோட்டைப் பக்கம் அவன் பட்டறையில்
பகலெல்லாம் ஆட்டோ, ராத்திரிக்கு இது.

என் பின்சீட்டில் சித்தேஸ்வரன்.
திருச்செங்கோட்டு போர் லாரி முதலாளி.
இருபது வருடமாகப் பூமியை
நேர்கீழாக மட்டும் அறிந்தவன்.
பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
"எவ்ளோ உசரம் போவ?"
"ஆயிரத்து இருநூறு அடி."
"அறுபது ராடு" என்று சிரித்தான்.
அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு விளங்கவில்லை.

கம்பியை முன்னே தள்ளினேன்.
ஏரி எங்களைக் கை நழுவ விட்டது.

தெற்கே முதலில் ஒரு வளையம்.
வெள்ளைக்கல் சுரங்கங்கள்,
மாவுச் சாக்கு கிழிந்த சமையலறை.
வெயில் எழுந்ததும் முதல் வேலையாக
இங்கேதான் வருகிறது போல:
குவியலுக்கு மேலே போனதும்
அடியிலிருந்து காற்று ஒரு குத்து விட்டது.
ரேடியோவில் ஜெசிந்தா கத்தினாள்.
பயத்திலா, ஆனந்தத்திலா,
கரகரப்பில் பிரிக்க முடியவில்லை.
கிழக்கே சேர்வராயன் மலை
கழற்றிப் போட்ட சட்டை மாதிரி
மடிப்புக் கலையாமல்.

பிறகு மேற்கே திரும்பினோம்.
பங்குனி தின்று வைத்த காடுகள்.
மஞ்சள், பழுப்பு, மறுபடி பழுப்பு.
சித்தேஸ்வரன் பேச ஆரம்பித்தது மேச்சேரிக்கு மேலே.

"அந்த மொட்டைத் தென்னந்தோப்பு, எட்டுநூறு.
வெறும் புகை."
"கோயிலுக்குப் பின்னால, தொள்ளாயிரம்.
மூணு நாள் வந்துச்சு."
"அந்த ஓட்டு வீடு."
கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும்.
"அது ஆயிரத்து இருநூறு.
தோட்டை அடகு வெச்சாங்க.
தண்ணி வரலைன்னாலும் அடிக்கு இவ்ளோன்னு கணக்குதானே.
வாங்கிட்டுத்தான் வந்தேன்."

குனிந்து பார்த்தான்.
வாசலில் ஒரு பச்சைப் புள்ளி,
குடமாக இருக்கலாம்.
"இவ்ளோ தூரமாடா" என்றான்,
என்னிடம் இல்லை.

மேட்டூர் அணை வற்றிக் கிடந்தது.
பண்ணவாடிப் பக்கம்
நீரிலிருந்து எழுந்து வெயில் காயும் நந்தி.
வெடித்த சேற்றில் மூவரும் இறங்கினோம்.
இலியாஸ் இறங்கியதும் பிளக்கைக் கழற்றினான்,
அவனுக்கு அணையும் ஒன்று, பட்டறையும் ஒன்று.
குடை பிடித்தபடி ஆடு மேய்த்தவர் வந்து
இறக்கையைத் தடவிப் பார்த்தார்.
"மேல போனீங்களே,
மழை எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?"

பதில் வைத்திருந்தது ஜெசிந்தா மட்டும்,
வங்கக் கடல், காற்றழுத்தம் என்று.
அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

சித்தேஸ்வரன் குந்தி உட்கார்ந்து
ஒரு மண்கட்டியை நொறுக்கி மோந்தான், பழக்கம்.
"இங்க முப்பதடியிலயே இருக்கும்."
அணையின் அடிவயிற்றில் நின்றுகொண்டு
யாருக்கும் தேவைப்படாத அந்தச் சேதியை
இரண்டாம் முறையும் சொன்னான்.

பத்து மணிக் காற்று முரடு.
அதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

திரும்பும்போது தோளைத் தட்டினான்.
"கொஞ்சம் எறக்கு."
கம்பியை நெஞ்சோடு இழுத்தேன்.
எண்ணூறு. ஐந்நூறு. முந்நூறு.
ஓட்டு வீடு பெரிதாகி வந்தது.
ஒரு பையன் ஓடிவந்தான், பின்னால் ஒரு பெண்,
இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள்.
ஹெல்மெட்டுக்குள் யாரென்று
அவர்களுக்குத் தெரியாது.
சித்தேஸ்வரனும் கையைத் தூக்கினான்,
பாதி வரைக்கும்.

பெட்ரோல் கால் டேங்க் இருந்தது.
இலியாஸ் ரேடியோவில் டீ பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.